நிலா பெரிசாக வேண்டுமா, பின்னால் போங்கள்

"சார், ஜூம் பண்ணா நிலா பெருசாகுது. ஆனா ஆளோட தலை வெட்டுப்பட்டுப் போயிடுது. ஜூமைக் குறைச்சா ஆள் முழுசா வந்துடறான், நிலா கடுகாட்டம் ஆயிடுது. சினிமாவுல மட்டும் எப்படி சார் ரெண்டும் சேர்ந்து வருது?"

புதுச்சேரியில் விஸ்காம் படிக்கும் ஒரு மாணவி அனுப்பிய குரல்செய்தி இது. குறும்படம் எடுக்கிறாளாம். லாங், மிட், க்ளோஸ், டைட் க்ளோஸ் என்று ஷாட் வகைகள் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்தப் பெயர்கள், ஃப்ரேமுக்குள் ஆள் எவ்வளவு பெரிசு என்பதை மட்டும்தான் சொல்கின்றன. கேமரா எங்கே நிற்கிறது என்று சொல்வதில்லை. அவளுடைய கேள்விக்கான பதில் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் நிலாவின் கணக்கு. விட்டம் 3,474 கி.மீ., சராசரித் தூரம் 3,84,400 கி.மீ. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 110. அதாவது எந்தப் பொருளானாலும், தன் அளவைப் போல 110 மடங்கு தூரத்தில் இருந்தால் அது நிலா அளவுக்குத் தெரியும். கடற்கரையில் பொட்டலத்தில் தருகிறார்களே வறுத்த பட்டாணி, அதில் ஒன்றை எடுத்துக் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். நிலா முழுசாக அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். கடலில் இருந்து அப்போதுதான் எழும் நிலா அண்டா மாதிரி தெரிகிறதே என்பீர்கள். அதையும் இதே பட்டாணி மறைக்கும். பெரிசாகத் தெரிவது மூளையின் வேலை. உச்சிக்கு வரும் நிலாவை விட, அடிவானத்து நிலா பூமியின் ஆரம் அளவுக்கு நமக்குத் தள்ளி இருக்கிறது. உண்மையில் ஒன்றரை சதவீதம் போலச் சின்னதுதான்.

செல்போனின் சாதாரண கேமரா ஏறக்குறைய 70 டிகிரி அகலத்தை ஒரே படத்துக்குள் அடைக்கிறது. நிலா அரை டிகிரி. கடுகாகாமல் என்ன செய்யும்?

இனி எனக்குப் பிடித்த இடம். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தண்ணீர் ஓரம் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். முப்பதடி ஃபைபர் படகு ஒன்று 100 மீட்டர் தள்ளி மிதக்கிறது, அதற்குப் பின்னால் நிலா. இப்போது படகின் நீளம் நிலாவைப் போலப் பத்து மடங்கு. அதே படகு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. படகு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. நிலா? அசையவே இல்லை. படகு நகராமல் நாமே பின்னால் போனாலும் இதே கதைதான், மூன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதற்கு இந்தத் தொள்ளாயிரம் மீட்டர் எந்த மூலைக்கு! இப்போது படகும் நிலாவும் ஒரே அளவு. இந்த விகிதம் அமைந்த பிறகு நீள லென்ஸைப் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ) போட்டால் இரண்டும் சேர்ந்தே பெரிதாகும். நிலாவை லென்ஸ் பெரிதாக்குகிறது என்பது பாதி உண்மைதான். நிலாவுக்குப் பொருத்தமாக ஆளைச் சின்னதாக்குவது நம் கால்கள். லென்ஸ், சுருங்கிப்போன அந்தக் காட்சியைக் கத்தரித்துப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணம்தான், வேறொன்றுமில்லை.

முகத்துக்கும் இதே கதைதான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. இடைவெளி. கேமராவை மூக்குக்கு 30 செ.மீ. பக்கத்தில் கொண்டுபோனால் காது 42 செ.மீ. தூரத்தில் இருக்கும். காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் வீங்கிவிடும். மூன்று மீட்டர் தள்ளி நின்று நீள லென்ஸில் அதே க்ளோஸ் எடுத்தால் வித்தியாசம் 4 சதவீதம்தான். இரண்டுக்கும் பெயர் க்ளோஸ்-அப். ஒன்றில் அந்த ஆள் நம் மூஞ்சிக்கு நேரே வந்து கத்துகிறான், மற்றதில் அமைதியாக இருக்கிறான். 30 செ.மீ. தூரத்து செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரியும் என்று அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் பாஸ்கோவர் குழு 2018-இல் கணக்குப் போட்டுக் காட்டியது. அவர் முக அறுவை சிகிச்சை மருத்துவர். செல்ஃபியைக் காட்டி மூக்கைக் குறைக்கச் சொல்லி வருகிறவர்களுக்குக் கத்தி வேண்டாம், கையைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

கேமரா வைத்த ட்ராலி பின்னால் போகும்போதே ஜூம் உள்ளே வரும் ஷாட்டும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆள் அதே அளவில் நிற்க, பின்னணி மட்டும் பிதுங்கிக்கொண்டு முன்னால் வரும். வயிற்றைப் பிசையும்.

கோபுரத்தை விடப் பெரிய நிலா என்று ஒரு படம் வருஷத்துக்கு ஒருமுறையாவது வாட்ஸப்பில் வரும். கூடவே, நிலா பூமிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, கடல் பொங்கப் போகிறது என்று ஒரு வரி. சூப்பர் மூன் என்பது, மிகத் தொலைவில் இருக்கும் பௌர்ணமி நிலாவை விட 14 சதவீதம் வரை பெரிசு, அதற்கு மேல் இல்லை. படத்தை எடுத்தவர் கோபுரத்தை விட்டு வெகுதூரம் தள்ளி நின்றிருக்கிறார், விஷயம் அவ்வளவுதான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏற்றம் கூடும் என்பது மீனவர்களுக்குத் தெரிந்ததே. சுனாமி பெரும்பாலும் கடலுக்கடியில் வரும் பூகம்பத்தால் வருவது, அதற்கும் நிலாவுக்கும் சம்பந்தமில்லை. 2004-ஐப் பார்த்த கரை இது. இங்கே அந்த வரியை ஃபார்வர்டு செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இவர்கள் மேல் மட்டும் கோபப்பட்டு என்ன பயன்? படிக்கிற காலத்தில் லென்ஸை யார் இவர்கள் கையில் கொடுத்தார்கள்? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் லென்ஸ் பெட்டி பீரோவுக்குள்ளேயே கிடந்தது, உடைந்தால் யார் கணக்குச் சொல்வது என்று. ஆராய்ச்சிக்குக் கோடி ஒதுக்குவது இருக்கட்டும், முதலில் அந்த பீரோ சாவியை ஒதுக்குங்கள்.

மாசி மகத்தன்று சாயங்காலம், தீர்த்தவாரி முடிந்து சாமிகள் திரும்பிய பிறகு, தேவனாம்பட்டினத்தில் எடுத்துப் பார்த்தோம். முழு ஆள் என்றால் 175 மீட்டர் வேண்டும், மணலில் அவ்வளவு இடம் தோதுப்படவில்லை. கரையேற்றியிருந்த ஒரு படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், அந்த மாணவியின் தம்பியை உட்கார வைத்தோம். இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை 70 செ.மீ. 110-ஆல் பெருக்கினால் 77 மீட்டர். நூறு எட்டு எண்ணிப் பின்னால் நடந்தோம். "இன்னும் பின்னாடி வாம்மா" என்று நான் சொல்லச் சொல்ல, விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வந்தாள். வாடகைக்கு எடுத்த 300 மி.மீ. லென்ஸ். அடிவானத்துக்கு மேலே பையன் தெரிய வேண்டுமே, அதற்காகக் கேமராவை மணலை ஒட்டி இறக்கிவிட்டு நானும் குப்புறப் படுத்தேன்.

நிலா நான் நினைத்ததை விட வடக்கே தள்ளி எட்டிப் பார்த்தது. ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடினோம். மூச்சு வாங்க ஃபோகஸ் வைத்தால், ஃப்ரேமில் பையனும் நிலாவும் அச்சாக ஒரே உயரம். சிவந்த வட்டத்துக்குள் அவன் பட்டாணி மென்றுகொண்டிருந்தான்.

ஆனால் பூமி சுற்றுகிறதே. இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை நிலா தன் விட்டம் அளவுக்கு மேலே ஏறிவிடும். அவள் மூன்றாவது டேக் போவதற்குள் வட்டம் அவன் தலைக்கு மேலே நழுவிக்கொண்டிருந்தது.

"டேய், எழுந்து நில்லுடா!" என்று கத்தினாள்.

நின்றான். இன்னும் ஒன்றரை நிமிஷம் கிடைத்தது.