ஒரு டம்ளர் காற்று

"இந்தக் குழாயை இன்னும் நாலடி நீட்டமாப் பண்ணியிருந்தா என்ன? பாறைக்குப் பக்கத்துலயே போயி நின்னுக்கிட்டுப் பார்க்கலாமே."

கேட்டவர் என் கணவர். மிதந்தபடி நீருக்கு மேலிருந்து மூச்சிழுக்க வாயில் கடித்திருந்த ஸ்நார்கெல் குழாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அலையில் மேலும் கீழுமாக ஆடியபடி கேட்டார். எங்களுக்குக் கீழே மூன்று, நான்கு மீட்டரில் பவளத்திட்டு. இன்னும் பத்தடி தள்ளினால் அது சட்டென்று சரிந்து கருநீலமாகிவிடும். மிதந்துகொண்டே அந்த விளிம்பை எட்டிப் பார்ப்பது மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து தெருவைப் பார்ப்பது போல இருக்கும். இறங்கிப் போகத்தான் ஆசை.

இடம், கரீபியன் கடலில் வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் பொனேர் தீவு. நாங்கள் இருப்பது நெதர்லாந்தின் எய்ந்தோவனில். பொனேரும் நெதர்லாந்தைச் சேர்ந்ததுதான். 2010 முதல் அந்நாட்டின் தனிவகை நகராட்சி. பிப்ரவரிக் குளிருக்குத் தப்பி, ஆம்ஸ்டர்டாமில் விமானம் ஏறி, பத்து மணி நேரம் உட்கார்ந்தே வந்துசேர்ந்தோம். தீவைச் சுற்றிக் கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை 1979 முதல் பாதுகாக்கப்பட்ட கடல். மீனைப் பார்க்கப் படகு வேண்டியதில்லை. சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும், காரை நிறுத்திவிட்டு இறங்க வேண்டியதுதான். அன்று மட்டும் எதிரே இருக்கும் ஆளில்லாத குட்டித் தீவான க்ளெய்ன் பொனேருக்குப் படகில் போயிருந்தோம். படகுக்காரர் ஓரிடத்தில் இறக்கிவிடுவார். நீரோட்டமே நம்மை மணல்கரைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும்.

கேள்விக்கு வருகிறேன். கிணற்றில் குதித்து வளர்ந்த யாருக்கும் இது புதிய கேள்வி இல்லை. பப்பாளி இலைக் காம்பை ஒடித்து, ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையை நீருக்கு மேலே நீட்டி ஒளிந்துகொள்ளும் விளையாட்டை நாங்களும் ஆடியிருக்கிறோம். ஒருவராலும் அரை நிமிடம் தாண்ட முடிந்ததில்லை. காம்பு ஒழுகுகிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த காம்பை ஒடிப்போம். ஒழுகல் இல்லை காரணம்.

அன்று மாலை தங்கியிருந்த வீட்டுச் சமையலறையில் ஸ்நார்கெலின் ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, நீர் ஊற்றி, அளவுக் குவளையில் கொட்டிப் பார்த்தோம். 150 மில்லிக்குக் கொஞ்சம் மேலே, சுமாராக ஒரு காபி டம்ளர். இந்த ஒரு டம்ளர்தான் விஷயம். நாம் மூச்சு விட்டதும் எல்லாக் காற்றும் வெளியேறிவிடுவதில்லை. கடைசியாக விட்ட ஒரு டம்ளர் குழாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. அடுத்த மூச்சில் முதலில் உள்ளே போவது அந்தப் பழைய காற்று. சாதாரண மூச்சு ஒன்று 500 மில்லி. தொண்டை, மூச்சுக்குழாய் இவற்றில் தங்கி நுரையீரலின் உபயோகத்துக்கு வராமலே திரும்புவது 150. ஸ்நார்கெல் இன்னொரு 150. மீதம் 200 மில்லிதான் உருப்படியான காற்று. பழகாதவர்கள் பதற்றத்தில் நாய் மாதிரி மேலோட்டமாக இளைத்தால் அந்த 200-ம் கரைந்துவிடும். நிதானமாக, ஆழமாக மூச்சு விடச் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். தியானமெல்லாம் இல்லை, வெறும் கழித்தல் கணக்கு.

இப்போது குழாயை 2 மீட்டர் ஆக்குங்கள். உள்விட்டம் 2 சென்டிமீட்டர் என்றால் கொள்ளளவு 600 மில்லியைத் தாண்டுகிறது. 500 மில்லி மூச்சு விடுகிறவருக்குப் புதுக்காற்று வந்து சேரவே சேராது; விட்டதையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்பார். சரி, குழாயை ஒல்லியாக்கிவிடலாமே என்றால் அங்கேயும் ஒரு பொறி. காற்று சீராக ஓடும்போது குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. பப்பாளிக் காம்பில் நாங்கள் மாட்டிக்கொண்டது இதில் பாதி.

மீதிப் பாதி இன்னும் மோசமானது. விட்ட காற்றுக்குத் தனிக்குழாய், வால்வு என்று வைத்து மேற்சொன்னதையெல்லாம் சரிசெய்துவிட்டாலும் அது தீராது. நீரில் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 1 மீட்டருக்கு அதில் பத்தில் ஒன்று. சின்ன எண்தான். ஆனால் நெஞ்சின் முன்பக்கத்தை 30-க்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 மீட்டர் ஆழத்தில் அதன் மேல் விழும் கூடுதல் அழுத்தம் 90 கிலோ எடைக்குச் சமம். உள்ளே நுரையீரலில் இருப்பதோ குழாய் வழியாக மேலே திறந்துகிடக்கும் காற்று, கரையில் இருக்கும் அதே அழுத்தத்தில். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 90 கிலோ ஆளைத் தூக்கி இறக்க வேண்டும். ஓரிரு முறை முடியும், தொடர்ந்து முடியாது.

என் கணவர் விடவில்லை. "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முங்குறப்போ நெஞ்சை அப்படி ஒண்ணும் அமுக்கலையே?" நல்ல கேள்வி. மூச்சைப் பிடித்து இறங்கும்போது உள்ளே அடைபட்ட காற்றும் சேர்ந்து சுருங்குகிறது. 3 மீட்டரில் 5 லிட்டர் காற்று 4 லிட்டருக்கும் கீழே வந்துவிடும். சுருங்கிய காற்றின் அழுத்தமும் வெளியே இருக்கும் நீரின் அழுத்தமும் ஒன்றாகிவிடும். சிலிண்டர் கட்டிப் போகிறவர்களுக்கு, வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டர் அந்தந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. இரண்டிலும் உள்ளும் வெளியும் சமம். நீளக்குழாய் மட்டும்தான் உடம்பை ஆழத்திலும் நுரையீரலைக் கரையிலும் வைக்கப் பார்க்கிறது. அப்போது ரத்தம் அழுத்தம் குறைந்த நெஞ்சுப் பக்கம் திரளும், நுரையீரலின் நுண்குழாய்களிலிருந்து நீர் கசியவும் தொடங்கும். ஆகவே தோட்டத்து ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு யாரும் கிணற்றில் இறங்கிவிட வேண்டாம்.

ஆனால் ஒரு பிராணி இதைச் சாதாரணமாகச் செய்கிறது. யானை. துதிக்கையை மேலே நீட்டிக்கொண்டு முழு உடம்பும் மூழ்க ஆற்றைக் கடக்கும். அந்தமானில் மரம் இழுத்த யானைகள் தீவுக்குத் தீவு நீந்தியிருக்கின்றன. நீரில் இறங்குவோரின் மூச்சுக் கருவிக்குத் துதிக்கையை உவமையாகச் சொன்னவர் அரிஸ்டாட்டில், அதாவது குழாய் யோசனைக்கு வயது 2,300-க்கு மேல். யானையின் நுரையீரல் அப்போது நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே இருக்கலாம். நமக்கென்றால் நுரையீரல் உறையில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் வெடித்துவிடும். நம் நுரையீரலுக்கும் விலாச் சுவருக்கும் இடையே வழுக்குநீர் படிந்த ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. பாலூட்டிகளில் யானைக்கு அந்த இடைவெளி இல்லை. நுரையீரலை விலாவோடு சேர்த்துத் தைத்தது போலத் தளர்ந்த இணைப்புத் திசு நிரம்பியிருக்கிறது. துதிக்கையால் மூச்சுவிட்டு நீந்தியதன் விளைவே இது என்று 2000-களின் தொடக்கத்தில் விளக்கியவர் நுரையீரல் ஆய்வாளர் ஜான் வெஸ்ட். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. யானையின் உயிரோடிருக்கும் நெருங்கிய உறவினர்களில் கடற்பசுக்களான கரீபியனின் மானட்டியும் நம் பாக் நீரிணையின் ஆவுளியாவும் உண்டு என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் பிடிக்கிறது.

ஸ்நார்கெலுக்கு ஒரு டம்ளர் காற்று என்றால், முகத்தில் மாட்டும் கண்ணாடி மாஸ்க்குக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். கண்ணுக்கு முன்னால் அந்தக் காற்று ஏன் வேண்டும்? ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கண்ணின் முன்பரப்பு, கருவிழிப்படலம். அதற்கு வெளியே காற்று இருந்தால்தான் வளைக்க முடியும். நீரும் கருவிழிப்படலமும் ஒளிக்குக் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. மாஸ்க் இல்லாமல் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கிப்போகும். தாய்லாந்துக் கடலோரத்து மோக்கன் மக்களின் குழந்தைகள் மட்டும் கண்மணியைச் சுருக்கி, விழி லென்ஸை முழுமூச்சாகக் குவித்து, ஐரோப்பியக் குழந்தைகளைவிட இருமடங்கு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள் என்று ஸ்வீடனின் ஆன்னா கிஸ்லேன் குழு 2003-இல் கண்டது. நம்மைப் போன்றவர்களுக்கு மாஸ்க்தான். அது ஒரு சின்ன ஏமாற்றும் செய்யும். நீரிலிருந்து கண்ணாடி வழியாகக் காற்றுக்குள் வரும் ஒளி விலகுவதால், பொருள்கள் முக்கால் தூரத்தில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். நாலடிச் சீலா மீன் ஒன்று தன்னையே முறைத்துப் பார்த்ததாக இவர் ஊருக்கெல்லாம் போனில் சொன்னார். மூன்றடி.

மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடுவதற்கும் காரணம் உண்டு. முங்கும்போது அந்தக் காற்றும் சுருங்கி, மாஸ்க் முகத்தைக் கவ்வி இழுக்கும்; மூக்கால் கொஞ்சம் ஊதி ஈடுகட்ட வேண்டும். நீச்சல்குளத்துக் கண்ணாடியில் அது முடியாது. (கண்ணாடி பனிமூட்டம் பிடிக்காமலிருக்க எச்சில் துப்பித் தேய்ப்பதும் வேலை செய்கிறது. துளித்துளியாக நிற்க வேண்டிய ஈரத்தை எச்சில் ஒரே படலமாகப் பரப்பிவிடும். வேண்டாமென்றால் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் ஒரு சொட்டு.)

வாய்க்கும் கண்ணுக்கும் காற்று கொண்டுபோகிறோம், காதுக்கு இல்லை. தலையை நீரில் வைத்ததும் எங்கும் ஒரு பொரிச்சத்தம், எண்ணெயில் கடுகு வெடிப்பது போல. சொடுக்கு இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் வேகத்தில் உண்டாகும் குமிழி உடையும் சத்தம் அது. அதற்கு மேலே ஒரு நறுக் நறுக். யாரோ பக்கத்தில் முறுக்குக் கடிக்கிறார்கள். இடப்பக்கமா, வலப்பக்கமா? தெரியவே தெரியாது. ஒலி ஒரு காதுக்கு முன்னதாகவும் மறு காதுக்குச் சற்றே பின்னதாகவும் வருவதை வைத்துத்தான் மூளை திசையை அறிகிறது. நீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர், காற்றில் போவதுபோல நான்கு மடங்குக்கும் மேல். போதாததற்கு மண்டையோட்டு வழியாகவும் புகுந்துவிடுகிறது. அந்த நூலிழை வித்தியாசம் மூளைக்குப் பிடிபடுவதில்லை. சத்தம் தலைக்குள்ளேயே கேட்கிறது.

கண்ணால்தான் தேடிப் பிடித்தோம். கிளிமீன். பச்சை உடம்பு, செவுள் ஓரத்தில் மஞ்சள் பொட்டு. இந்த வகையில் பச்சை என்றால் வளர்ந்த ஆண். அதற்கு முன் செம்பழுப்பு நிறத்தில் பெண்ணாக இருந்திருக்கவும் கூடும். பவளக்கல்லில் அலகால் ஒரு கடி. வெள்ளைத் தழும்பு விழுந்தது. அதற்கு வேண்டியது கல்லில் படர்ந்த பாசியும் நுண்ணுயிரும். கல் சும்மா கூட வருவது. தொண்டையில் இன்னொரு பல்தொகுதி திரிகை மாதிரி அதை அரைத்துவிடும். இந்த மீனுக்கு இரைப்பை கிடையாது, அரைத்ததெல்லாம் நேரே குடலுக்கு. எங்களைக் கடந்து நீலப்பக்கம் போகும்போது, பின்னால் வெள்ளையாக ஒரு புகைமூட்டத்தை விட்டுவிட்டுப் போனது. மாவு சலித்தது போல அது மெல்ல அடியில் இறங்கியது.

படகு வர நேரமிருந்தது. கரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். காலையில் கிளறிக் கொண்டுவந்த புளிசாதம். இரண்டாவது வாயிலேயே நறநறத்தது.

"மணல் விழுந்துருச்சு போல," என்று சொல்லிவிட்டு அவர் மென்றுகொண்டே இருந்தார்.

மாலத்தீவின் ஒரு பவளத்திட்டில் 2015-இல் கணக்குப் பார்த்தபோது, புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதம் கிளிமீன் வயிற்றிலிருந்து வந்தது என்று தெரிந்ததைச் சொன்னேன். இந்தக் கரையில் எத்தனை பங்கோ, வெள்ளையாக, பொடியாக இருப்பதில் கொஞ்சமாவது அந்தக் கணக்கில் வரும் என்றும் சொன்னேன்.

மெல்லுவதை நிறுத்தி, கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.