ஷியென்சியா மேதியா: இடையறிவு

'ஷியென்சியா' என்றால் இலத்தீனில் அறிவு. 'மேதியா' என்றால் நடுவில் இருப்பது. நாம் இன்று சொல்லும் 'மீடியா'வும் இதே வேரில் பிறந்ததுதான். கத்தோலிக்க இறையியலில் இத்தொடர் குறிப்பது கடவுளின் அறிவை.

இதைப் பெரிய விவாதப் பொருளாக்கியவர் இயேசு சபைக் குரு லூயிஸ் தெ மொலினா. 1535இல் ஸ்பெயினின் குவென்காவில் பிறந்தவர். போர்த்துகலின் கொயிம்பிராவில் மெய்யியலும், அப்புறம் எவோரா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இறையியலும் கற்பித்தார். அவருடைய 'கொன்கோர்தியா' 1588இல் லிஸ்பனில் அச்சானது. நடக்கப்போவதெல்லாம் கடவுளுக்கு முன்பே தெரியும் என்றால், மனிதன் தன் விருப்பப்படி முடிவெடுக்கிறான் என்று எப்படிச் சொல்வது? அந்த நூல் மல்லுக்கு நிற்பது இந்தக் கேள்வியோடு.

சரி, எவற்றுக்கு நடுவில்? என்னவெல்லாம் நடக்க முடியும் என்பதைக் கடவுள் தம் இயல்பாலேயே அறிகிறார். படைத்த உலகில் என்ன நடக்கும் என்பதை, அதைப் படைக்கத் தீர்மானித்ததால் அறிகிறார். இந்த இரண்டுக்கும் இடையில் மொலினா மூன்றாவதாக ஒன்றை வைத்தார்: இன்னார் இன்ன சூழலில் இருந்தால் தாமாக எதைத் தேர்ந்திருப்பார் என்ற அறிவு. மத்தேயு நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இங்கே செய்த வல்ல செயல்களைத் தீர், சீதோன் நகரங்களில் செய்திருந்தால் அந்த மக்கள் எப்போதோ மனம் மாறியிருப்பார்கள் என்கிறார் இயேசு. நடக்கவே இல்லாத ஒன்றைப் பற்றிய உறுதியான பேச்சு இது. சூழலை அமைப்பவர் கடவுள், தேர்வு மனிதனுடையது என்று மொலினா இரண்டையும் காப்பாற்றப் பார்த்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தப் பிடிவாதம்தான்.

சலமன்காவில் கற்பித்த தொமினிக் சபையின் தோமிங்கோ பான்யெஸ் இதைக் கடுமையாக எதிர்த்தார். கடவுளின் அறிவு படைப்பைச் சார்ந்ததாகிவிடும் என்பது அவர் தரப்பின் கவலை. வழக்கு ரோமுக்குப் போனது. மொலினா 1600இல் மத்ரித்தில் காலமானார். 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் விவாதத்தை முடித்தார்.

தமிழில் 'நடுத்தர அறிவு' என்று எழுதினால் சுமாரான அறிவு என்று பொருளாகிவிடும். 'இடைநிலை அறிவு' பள்ளிக்கூடத்தை நினைவூட்டுகிறது. 'இடையறிவு' பொருத்தமாக இருக்கிறது. முதல்முறை எழுதும்போது 'இறைவனின் இடையறிவு' என்று போட்டுவிட்டால் குழப்பம் வராது.