கருக்கலைப்பு: யார் கையெழுத்து வேண்டும், எங்கே போகலாம்?

"வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, அவர் கையெழுத்துப் போடணும்." ஓர் அரசு மருத்துவமனையில் எங்கள் தெருப் பெண்ணுக்குக் கிடைத்த முதல் பதில் இது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். காப்பர்-டி நழுவி மூன்றாவது தங்கிவிட்டது. கணவர் லாரி ஓட்டுகிறார். எந்தத் திங்கட்கிழமை எந்த மாநிலத்தில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அவள் முதலில் போனபோது 10 வாரம். மூன்றாம் தடவை நான் துணைக்குப் போனபோது 13.

1971-ம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், 2021-ல் திருத்தப்பட்டது. அதன்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். மனநலம் பாதித்தவருக்கும் 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கும்தான் காப்பாளர் கையெழுத்து வேண்டும். கணவர், மாமியார், அப்பா எவர் கையெழுத்தும் தேவையில்லை. ஆதாரையும் கல்யாணச் சான்றையும் சட்டம் கேட்கவில்லை. "கு.க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டாதான்" என்பதும் அவர்களாகப் போட்ட நிபந்தனை. கல்யாணம் ஆகாதவரைத் திருப்பி அனுப்பவும் முடியாது. 24 வாரம் வரை கல்யாணம் ஆனவருக்கு உள்ள அதே உரிமை ஆகாதவருக்கும் உண்டு என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

20 வாரம் வரை ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டால் போதும். கருத்தடை தவறியது சட்டம் ஏற்கும் காரணம், தயங்காமல் சொல்லுங்கள். 20-லிருந்து 24 வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்பத்தின் இடையில் கணவரை இழந்தவர் என்று சில பிரிவினருக்கே.

வாரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாள் தள்ளிய தேதியிலிருந்து எண்ணக்கூடாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். "தள்ளி ரெண்டு மாசம்தான் ஆச்சு" என்றால் மருத்துவர் கணக்கில் 12 வாரம் தாண்டிவிட்டது. அந்த 12 முக்கியமான கோடு. அதுவரை பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவரே செய்யலாம். அப்புறம் மகப்பேறு மருத்துவத்தில் கூடுதல் தகுதி உள்ளவர் வேண்டும், பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். கையெழுத்துக்காக அலையவிட்டவர்கள் இந்தக் கோட்டைத் தாண்டவைத்துவிட்டு "இனி இங்கே முடியாது" என்பார்கள்.

சரி, எங்கே போவது? அரசு மருத்துவமனைக்குத் தனி அனுமதி வேண்டாம். தனியார் என்றால் மாவட்டக் குழுவின் அனுமதிச் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். ஸ்கேன் சென்டர் உரிமம் வேறு, இது வேறு. சிறிய இடங்களுக்கு 12 வாரம் வரைதான் அனுமதி இருக்கலாம்; அதையும் கேளுங்கள். சித்த, ஆயுர்வேத, ஹோமியோபதி மருத்துவரோ நர்ஸோ செய்யக்கூடாது. தகுதியில்லாதவர் செய்தால் 2 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் நீட்டும் மாத்திரையை வாங்காதீர்கள். 9 வாரம் வரை மாத்திரை சட்டப்படி சரிதான், ஆனால் மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டும். கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை போட்டபின் மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பெண்ணின் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. சிறுமி விஷயத்தில் போலீசுக்குத் தகவல் போகும்; ஆனால் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அந்தச் சிறுமியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்கிறது. போலீசுக்குப் பயந்து போலி டாக்டரிடம் போகாதீர்கள்.

முடியாது என்றால் வாக்குவாதம் வேண்டாம். ஓ.பி. சீட்டிலேயே காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சீட்டை நீட்டினேன். மருத்துவர் பேனாவை எடுத்தார், என்னைப் பார்த்தார், மூடிவைத்தார். அன்று சாயங்காலமே அவளுக்குப் படுக்கை கிடைத்தது.