அடையாள அணிவகுப்புக்கு சம்மன் வந்தால்: நேரில் பார்த்த சாட்சிக்கு ஒரு விளக்கம்

முன்பின் தெரியாத ஒருவர் செய்த குற்றத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். போலீஸ் யாரையோ கைது செய்துவிட்டது. அப்புறம் உங்களுக்கு சம்மன் வருகிறது: இந்த நாளில், இந்தச் சிறையில் அடையாள அணிவகுப்பு. கைதானவரைப் பலரோடு வரிசையில் நிறுத்தி, நீங்கள் பார்த்த ஆளை அடையாளம் காட்டச் சொல்லும் சோதனை இது. ‘ஆளைப் பிடித்துவிட்டார்கள், நாம் கை காட்ட வேண்டியதுதான் பாக்கி’ என்ற எண்ணத்தோடுதான் பலரும் போகிறார்கள். ஆபத்தே அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. அங்கே நடப்பது உங்கள் ஞாபகத்துக்கு வைக்கும் சோதனை. பிடிபட்டவர் வேறு ஆளாகவும் இருக்கலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி கேட்டால், கைதானவரை அடையாளம் காட்டும் சோதனைக்கு உட்படுத்த நீதிமன்றம் உத்தரவிடலாம். அடையாளம் காட்டுபவர் மாற்றுத்திறனாளி என்றால் மாஜிஸ்திரேட் மேற்பார்வையில், அவருக்கு வசதியான முறையில், வீடியோ பதிவோடு நடத்த வேண்டும். குற்றவாளி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர், பக்கத்துத் தெருக்காரர் என்றால் அணிவகுப்புக்குத் தேவையே இல்லை.

தமிழ்நாட்டில் வழக்கமாக மாஜிஸ்திரேட் ஒருவர் சிறைக்குள்ளேயே இதை நடத்துகிறார். கைதானவரோடு வயதிலும் உயரத்திலும் தோற்றத்திலும் ஒத்த பலரை நிறுத்துவார்கள். வரிசையில் எங்கே நிற்பது என்பதைக் கைதானவரே தேர்ந்தெடுக்கலாம். சாட்சிகளை ஒவ்வொருவராகத்தான் அழைப்பார்கள். பார்த்துவிட்டு வந்தவர் காத்திருப்பவரோடு பேசக் கூடாது. ஒரு சாட்சி போய் அடுத்தவர் வருவதற்குள் வரிசையை மாற்றுவது நல்ல நடைமுறை. விசாரிக்கும் போலீசார் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. நீங்கள் யாரைக் காட்டினீர்கள், என்ன சொன்னீர்கள் என்பதெல்லாம் பதிவாகும். தவறான ஆளைக் காட்டினால் அதுவும் பதிவாகும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? நம் ஞாபகம் கேமரா போல வேலை செய்வதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டி எழுப்புகிறது. நடுவில் காதில் விழுந்ததும் அதில் சேர்ந்துவிடும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். ‘கார்கள் இடித்தபோது என்ன வேகம்?’ என்று 50 பேரிடமும், ‘மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?’ என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. ‘நொறுங்கிய’ என்ற சொல்லோடு கேள்வி கேட்கப்பட்டவர்களில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்; ‘இடித்த’ என்ற சொல்லோடு கேட்கப்பட்டவர்களில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. யாரும் பொய் சொல்லவில்லை. கேள்வியில் இருந்த ஒரே ஒரு சொல் அவர்கள் ஞாபகத்துக்குள் புகுந்துவிட்டது.

இன்னும் கொடுமையானது 1984இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி, பின்னால் அடையாளம் காட்ட வேண்டுமென்றே அவனுடைய முகத்தை உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். புகைப்படங்களிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். பிறகு நேரடி அணிவகுப்பிலும் அவரையே காட்டினார். புகைப்படங்கள், அணிவகுப்பு இரண்டிலுமே இடம்பெற்றவர் அவர் ஒருவர் மட்டும்தான். சரியான ஆளைக் காட்டினீர்கள் என்று போலீசார் சொல்ல, மாணவியின் உறுதி கூடியது. உண்மையான குற்றவாளி என்று பின்னால் தெரியவந்த வேறொருவரை நீதிமன்றத்தில் நிறுத்தியபோது, இவரைப் பார்த்ததே இல்லை என்றார் மாணவி. 1995இல் டி.என்.ஏ. சோதனைதான் அந்த நிரபராதியை வெளியே கொண்டுவந்தது. பத்தாண்டுக்கு மேல் சிறை. சாட்சியின் நேர்மையும் உறுதியும் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் உச்ச நீதிமன்றமும் அணிவகுப்பைத் தனித்து நிற்கும் சாட்சியமாக ஏற்பதில்லை. நீதிமன்றத்தில் அடையாளம் காட்டுவதுதான் மூல சாட்சியம், அணிவகுப்பு அதற்கு வலு சேர்ப்பது என்று மல்கான் சிங் வழக்கில் (2003) சொல்லியிருக்கிறது. ஆனால் வருஷங்கள் கழித்து, கூண்டில் நிற்கும் ஒரே ஆளைக் காட்டுவதில் என்ன சோதனை இருக்கிறது? அதனால்தான் அணிவகுப்பு சீக்கிரம் நடக்க வேண்டும். 1982இல் சோனி என்பவரின் வழக்கில், 42 நாள் தாமதம் சந்தேகத்துக்கு இடம் தருகிறது என்று அதே நீதிமன்றம் சொன்னது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? சம்பவம் நடந்த அன்றே, யாரோடும் பேசுவதற்கு முன், பார்த்ததை எழுதி வையுங்கள்: வெளிச்சம் எப்படி இருந்தது, எவ்வளவு தூரம், எத்தனை நேரம் பார்த்தீர்கள். கத்தி இருந்தால் கண் அதன் மேலேயே நின்றிருக்கும், முகம் சரியாகப் பதிந்திருக்காது, அதையும் எழுதுங்கள். மற்ற சாட்சிகளோடு அங்க அடையாளங்களை ஒப்பிட்டுப் பேசாதீர்கள். கைதானவர் என்று வாட்ஸப்பில் வரும் படங்களைப் பார்க்காதீர்கள். அணிவகுப்புக்கு முன்பே யாராவது ஆளையோ படத்தையோ காட்டியிருந்தால், அதை மாஜிஸ்திரேட்டிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

‘குற்றவாளி இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம்’ என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என 54ஆம் பிரிவில் ஒரு வரி இல்லை. கட்டாயம் சேர்க்க வேண்டிய வரி அது என்று நினைக்கிறேன். அதுவரை நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். ‘தெரியவில்லை’, ‘நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை’ என்பவையும் முழுமையான பதில்கள்தான். உண்மையாக அப்படிச் சொல்வது குற்றம் ஆகாது.

ஆள் தெரிந்தும் பயத்தால் வாய் திறக்க முடியவில்லை என்றால் அது வேறு விஷயம். 2018இல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்த சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் பாதுகாப்பு கேட்டு மனு போடலாம். எப்படிப் போடுவது என்று தெரியாவிட்டால் இலவச சட்ட உதவிக்கான 15100 எண்ணை அழையுங்கள்.