பாலுக்குப் பால் மருந்தாகாது

சென்ற செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்று பேர். மூவரும் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடைப்பட்ட ஊர்க்காரர்கள். மூவரும் வேலி திருத்தப் போன இடத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள். கடைசியாக வந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடது கண்ணை முந்தானையால் பொத்திக்கொண்டு, மகனின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்தார். கள்ளிப்பால் தெறித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"ஏன் அம்மா அன்றைக்கே வரவில்லை?" என்று கேட்டேன்.

"அன்றைக்கே மருந்து விட்டுவிட்டோம் டாக்டரம்மா. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்ற பெண் இருக்கிறாள். பாலுக்குப் பால்தானே முறிவு?"

வடசென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண் மருத்துவம் பார்க்கிறேன். இந்தப் பதிலை ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனியில் கேட்கிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் வருகிறவர்களில் கணிசமானோர் கும்மிடிப்பூண்டி ரயிலில் வருபவர்கள். எண்ணூரைத் தாண்டி, அத்திப்பட்டின் புகைபோக்கிகளையும் தாண்டிவிட்டால் நிலத்தின் முகமே மாறிவிடும். நெல் வயல், கீரைப் பாத்தி, கத்தரி, வெண்டைக் கொல்லை, அவற்றைச் சுற்றி உயிர்வேலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வேலி சாயும். புயல் வந்தால் ஆளுயரக் கள்ளியே வேரோடு படுத்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன பிறகு, அடுத்து வந்த மாசியில் இந்தக் காயங்களைத்தான் வரிசையாகப் பார்த்தேன். வேலி விழுந்தால் ஆடும் மாடும் உள்ளே வரும், போட்டதெல்லாம் போகும். ஆகவே பொங்கல் முடிந்து கை ஓய்ந்ததும் எல்லோரும் வெட்டுக்கத்தியும் தொரட்டியுமாக வேலிக்குப் போகிறார்கள். அதில் தவறே இல்லை. கம்பி வேலிக்குச் செலவழிக்க முடியாத குடும்பங்களுக்கு உயிர்வேலிதான் காவல். அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் பருவம் சூழ்ச்சிக்காரப் பருவம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். விடியற்காலையில் வேலி முழுவதும் பனி சொட்டும். பத்து மணிக்குள் வெயில் உறைக்கும். சில நாள் எதிர்பாராமல் மேகம் கூடி ஒரு தூறலும் போடும். "மழை வருவதற்குள் முடித்துவிடலாம்" என்று அவசரப்படும்போதுதான் முகத்துக்கு நேராகக் கிளையை வெட்டுகிறார்கள். காற்றையும் கவனிக்க வேண்டும். காலையில் காற்று மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். உச்சி நெருங்கும்போது திசை மாறிக் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும். காற்று முதுகில் படும்படி நின்று வேலையைத் தொடங்கியவரின் முகத்திலேயே அது பதினொன்று, பன்னிரண்டு மணிக்குள் அறையத் தொடங்கிவிடும். அவர் நின்ற இடம் மாறியிருக்காது. என்னிடம் வந்தவர்களை விசாரித்தால், பலருக்கும் பால் தெறித்தது அந்த நேரத்தில்தான்.

இப்போது அந்தப் பால் விஷயத்துக்கு வருகிறேன்.

திருகுகள்ளி, கொம்புக்கள்ளி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், பென்சில் போன்ற பச்சைக் குச்சிகள் கொண்ட அந்தச் செடியின் பால் கடுமையான நச்சு. சதுரக்கள்ளியும் அதற்குச் சளைத்ததல்ல. கண்ணில் பட்டதும் எரியும். ஆனால் உண்மையான கெடுதல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. மதியம் பட்டால் இரவில்தான் தாங்க முடியாத வலி வரும். விடியும்போது இமை வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், பார்வை மங்கியிருக்கும். கருவிழியின் மேல்தோல் உரிந்து, கருவிழியே நீர்கோத்து, கண்ணின் உள்ளேயும் அழற்சி உண்டாகியிருக்கும். நாங்கள் ஆரஞ்சு நிறச் சாயத்தைத் தொட்டுவைத்து நீல ஒளியில் பார்ப்போம். தோல் உரிந்த இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். அந்த அம்மாளின் கருவிழி ஏறத்தாழ முழுவதும் ஒளிர்ந்தது.

பாலுக்குப் பால் என்ற பேச்சைப் பொறுமையாக எடுத்துப் பார்ப்போம். இரண்டும் வெள்ளையாக இருக்கின்றன, இரண்டுக்கும் தமிழில் பால் என்று பெயர். இதைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. கள்ளிப்பால் பசைபோல ஒட்டிக்கொள்ளும் பொருள். அதிலுள்ள நச்சை முறிக்கும் எதுவும் தாய்ப்பாலில் இல்லை. பசும்பாலிலும் இல்லை, விளக்கெண்ணெயிலும் இல்லை. ஒட்டியதை அலசி வெளியேற்றுவது ஒன்றே வழி. அதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். இரண்டு சொட்டுப் பால் எதை அலசும்? தோல் உரிந்து பச்சைப் புண்ணாகக் கிடக்கும் கருவிழியின் மேல், கையிலும் கிண்ணத்திலும் பட்டு வந்த பாலை விட்டால், கிருமிக்கு நாமே விருந்து வைத்ததாகும். குழந்தைக்குத் தாய்ப்பாலைவிட மேலான உணவு இல்லை, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமும் இல்லை. ஆனால் அது வாய்க்குப் போக வேண்டியது.

"என் மாமியாருக்கு அப்படித்தான் சரியானது" என்று அந்த அம்மாள் சொன்னார். பொய் சொல்லவில்லை. கள்ளிப்பால் கொஞ்சமாகப் பட்ட கண், தானாகவே ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடுவதுண்டு. எப்படியும் ஆறியிருக்கும் கண் ஆறியதற்கான பெருமை தாய்ப்பாலுக்குப் போய்விடுகிறது. ஆறாமல் தழும்பேறிப் பார்வை குறைந்த கண்ணைப் பற்றி, "அவருக்கு நேரம் சரியில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். இப்படித்தான் இந்த நம்பிக்கை மூன்று தலைமுறையாகச் சாகாமல் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு ஓடி, பிள்ளையைத் தூங்கவைக்கும் பெண்ணை எழுப்பி, கிண்ணத்தில் வாங்கி வருவதற்குக் கால் மணி நேரம் ஆகிறதே, அந்தக் கால் மணி நேரம்தான் கண்ணைக் காப்பாற்றும் நேரம். கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது என்று அந்த அம்மாளின் மகனே சொன்னார். பத்தடி தூரத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தையும் துயரத்தையும் இங்கே எழுத முடியவில்லை.

எருக்கு இன்னொரு வகைக் கேடு. வேலியோரத்தில் தானாக முளைத்து நிற்கும். அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. எருக்கம்பால் பட்டால் பெரும்பாலும் வலியே இருக்காது. சில மணி நேரத்தில் பார்வை மட்டும் புகை மூடியதுபோல ஆகிவிடும். வலிதான் இல்லையே என்று நாலைந்து நாள் கழித்து வருகிறார்கள். வலி இல்லாமல் மங்குகிற கண், வலிக்கிற கண்ணைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறது.

அன்று வந்த மூவரில் ஒருவருக்குப் பால் படவே இல்லை. சீமைக்கருவேலங் கிளையை இழுக்கும்போது அது நழுவி விசிறியடித்திருக்கிறது. சின்னக் கீறல். கண் சிவந்ததும் மெட்ராஸ் ஐ என்று அவரே முடிவுசெய்து, மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி எட்டு நாள் விட்டிருக்கிறார். முதல் இரண்டு நாள் நன்றாகவே இருந்ததாம். இருக்கத்தான் செய்யும், அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. சிவப்பைக் குறைத்துக் காட்டும். உள்ளே பூஞ்சை வளர்வதற்குக் கதவையும் திறந்துவிடும். அவர் வந்தபோது கருவிழியில் இறகுபோல் ஓரம் சிதறிய வெள்ளைப் புண். அதன் பின்னால் அடியில் சீழ் தேங்கியிருந்தது.

நம் ஊர்ப் பக்கம் இலையும் முள்ளும் வைக்கோலும் பட்டு வரும் கருவிழிப் புண்களில் பூஞ்சையால் வருபவை மிக அதிகம். தழையிலும் மண்ணிலும் பூஞ்சை எப்போதும் உண்டு. பனி ஈரமும் பகல் வெப்பமும் மாறி மாறி வரும் இந்த மாதங்களில், வெட்டிக் குவித்த தழையில் சொல்லவே வேண்டாம். இதற்கென்று நேட்டாமைசின் என்ற சொட்டு மருந்து இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான பெரிய ஆய்வு, அதுவே வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சைச் சொட்டு மருந்தைவிட நல்ல பலன் தருவதாகக் காட்டியது. ஆனால் மணிக்கொரு முறை விட வேண்டும், வாரக்கணக்கில் விட வேண்டும். அவருக்கு இன்னும் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். கள்ளிப்பால் பட்ட கண்ணுக்கு நாங்களே சில சமயம் ஸ்டீராய்டு தருகிறோம், கருவிழி தேறுவதைத் தினமும் பார்த்துப் பார்த்துத் தருகிறோம். அதே மருந்து முள் கீறிய கண்ணைக் குருடாக்கிவிடும். ஒரே வேலி, ஒரே வேலை, இரண்டு காயங்களுக்கும் எதிரெதிர் மருந்து. அண்ணனுக்குப் போன வருடம் எழுதித் தந்த சொட்டு மருந்துப் புட்டியைத் தம்பி எடுத்து விடுவது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரிகிறதா? வீட்டு அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய புட்டியை இன்றைக்கே தூக்கி எறியுங்கள்.

பால் பட்டால் கண்ணைக் கசக்காதீர்கள். கையில் இருக்கும் பாலும் சேர்ந்து உள்ளே போகும். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதற்கு அரை நிமிடம் போதும். பக்கத்தில் ஆள் இருந்தால் அதற்குள் அவரே தண்ணீர் ஊற்றத் தொடங்கட்டும். குழாய்த் தண்ணீரோ குடிதண்ணீரோ, சுத்தமாக இருந்தால் போதும். தலையைச் சாய்த்து, பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்து, இமையை விரித்துப் பிடித்து ஊற்றிக்கொண்டே இருங்கள். அரை மணி நேரம். "நன்றாகக் கழுவினோம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், கேட்டால் இரண்டு சொம்பு என்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து ஊற்றுங்கள். பிறகு அன்றைக்கே கண் மருத்துவரிடம் வாருங்கள், வலி குறைந்திருந்தாலும் வாருங்கள். எந்தச் செடி என்று தெரியாவிட்டால் ஒரு குச்சியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், எங்களுக்கு அது பெரிய உதவி. இரவாகிவிட்டால் காலை வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கிறது. பகலில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819இல் தொடங்கிய மருத்துவமனை, ஏழை பணக்காரர் பாராமல் பார்க்கும் இடம். முள் கண்ணில் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். காகிதக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்து மூடிக்கொண்டு நேராக வாருங்கள்.

வேலைக்குப் போகுமுன் கண்ணாடி போடுங்கள். மண்ணடியில் ஹார்டுவேர் கடைகளில் பக்கவாட்டில் மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கிறது. அதுவும் முடியாதென்றால், வண்டிக்கு வைத்திருக்கும் ஹெல்மெட்டை மாட்டி முகக்கண்ணாடியை இறக்கிவிட்டு வெட்டுங்கள். ஊரார் பார்த்தால் பார்க்கட்டும். தொரட்டியைப் போட்டு இழுத்துவிட்டு அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். பால் நேராகக் கண்ணில் சொட்டுவது அப்படித்தான். காற்று மாறினால் நீங்களும் இடம் மாறுங்கள்.

கள்ளிப் போத்தை வெட்டிய கையோடு நடுவதையும் நிறுத்தலாம். மழைநீர் குடித்து ஊறிய கள்ளியில் வெட்டு வாயிலிருந்து பால் ஒழுகிக்கொண்டே இருக்கும். நிழலில் ஒரு வாரம் போட்டுவைத்து, வெட்டு வாய் காய்ந்த பிறகு நட்டால் பால் வடியாது. போத்தும் ஈர மண்ணில் அழுகாமல் பிடிக்கும். இது எனக்கு ஒரு பெரியவர் சொல்லித் தந்தது. என் மருத்துவப் புத்தகங்களில் இல்லாத பாடம். போட்டுவைக்கும் இடம் பிள்ளைகள் விளையாடாத இடமாக இருக்கட்டும். பச்சையாகக் குவித்துக் கொளுத்தவும் வேண்டாம், அந்தப் புகையே கண்ணை எரிக்கும். வாசலோரம், கிணற்றடி, பிள்ளைகள் போகும் வழி இங்கெல்லாம் கள்ளிக்குப் பதில் நொச்சியோ ஆடாதொடையோ வையுங்கள். ஆடு தொடாததால்தானே அதற்கு அந்தப் பெயர். மருதாணி வைத்தால் பெண்பிள்ளைகளும் மகிழ்வார்கள். கள்ளி, கொல்லையின் பின்கோடியில் நிற்கட்டும்.

மருந்துக் கடை வைத்திருக்கும் தம்பிகளே, உங்களையும் கையெடுத்துக் கேட்கிறேன். கண் சிவந்து வருகிறவரிடம், "தோட்ட வேலை செய்தீர்களா, செடியோ முள்ளோ பட்டதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆம் என்றால் எந்தச் சொட்டு மருந்தும் தராமல் எங்களிடம் அனுப்பிவிடுங்கள். நாற்பது ஐம்பது ரூபாய் வியாபாரம் போகும், தெரியும்.

அந்த அம்மாளுக்கு நேற்று மறுபடி சாயம் வைத்துப் பார்த்தேன். பச்சை, கருவிழியின் கீழோரத்தில் நகக்கண் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. எழுத்துப் பலகையில் மூன்றாவது வரி வரை படித்தார். பாதி வேலி இன்னும் திறந்துதான் கிடக்கிறதாம். பக்கத்து நிலத்து ஆடுகள் கீரையை மேய்ந்துவிட்டன என்று வருந்தினார். வெட்டிப் போட்ட போத்துகள் இன்னும் நிழலில்தான் கிடக்கின்றன, வெட்டு வாய் காய்ந்திருக்கும் என்று மகன் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவரே நடுவதாகவும் சொன்னார். கண்ணாடி வாங்கிவிட்டீர்களா என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.