ஆகஸ்ட் 1 தலைக்கணக்கு: உங்க ஊரு ஸ்கூலுக்கு எத்தனை டீச்சர், எவ்வளவு காசுன்னு எப்படி முடிவாகுது

திருத்தணிக்குப் பக்கத்துல பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான், "ஸ்கூல்ல டீச்சர் இல்லைங்க, இருந்த ஒருத்தரையும் மாத்திட்டாங்க". ஏன் மாத்துனாங்கன்னு கேட்டா கட்சி, ஜாதி, காசுன்னு ஆளுக்கொரு கதை சொல்வாங்க. நிறைய இடத்துல காரணம் அவ்வளவு பெருசெல்லாம் இல்லை, ஆகஸ்ட் 1-ம் தேதி அன்னைக்கு ரெஜிஸ்டர்ல எத்தனை பிள்ளைங்க இருந்தாங்கங்கிற நம்பர்தான். அதை வச்சுதான் தமிழ்நாட்டுல வருஷா வருஷம் எந்த ஸ்கூலுக்கு எத்தனை டீச்சர் போஸ்ட்டுன்னு கணக்குப் போடுறாங்க, ஆபீஸ் பாஷையில பணியாளர் நிர்ணயம். இது தெரிஞ்சா ஜூன் மாசம் நாம என்ன பண்ணணும்னு தானா புரியும்.

கணக்கு எங்கிருந்து வருதுன்னா 2009-ல போட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆர்.டி.இ.ன்னு சொல்றோமே அதுதான், 2010 ஏப்ரல் 1-லருந்து அமல்ல இருக்கு. தனியார் ஸ்கூல்ல 25 சதவீத ஃப்ரீ சீட்டு தர்ற சட்டம்னு மட்டும்தான் நம்ம ஜனங்களுக்குத் தெரியும். அந்தச் சட்டத்துக்கு கடைசியில ஒரு அட்டவணை இருக்கு, அதுதான் நமக்கு முக்கியம். ஒண்ணுலருந்து அஞ்சாவது வரைக்கும் 60 பிள்ளைங்க வரை 2 டீச்சர், 61-லருந்து 90 வரை 3, 91-லருந்து 120 வரை 4, 121-லருந்து 150 வரை 5. 150-ஐ தாண்டினாதான் அந்த அஞ்சு பேருக்கு மேல தனியா ஒரு ஹெச்.எம். ஆறுலருந்து எட்டாவது வரைக்கும் வகுப்புக்கு ஒருத்தராவது இருக்கணும், 35 பிள்ளைக்கு ஒரு டீச்சர், அதுல கணக்கு-அறிவியல், சமூக அறிவியல், மொழி இதுக்கெல்லாம் ஆள் இருக்கணும்.

இப்போ 60-க்கும் 61-க்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு பாருங்க. 61 பிள்ளை இருந்தா 3 டீச்சர், ஒரே ஒரு பிள்ளை குறைஞ்சு 60 ஆனா 2 டீச்சர். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ஹெச்.எம்., அவரு பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ் மீட்டிங், எமிஸ்ங்கிற கல்வித் துறை ஆன்லைன் பதிவுல என்ட்ரி, காலை உணவு கணக்கு, மதிய சாப்பாட்டு கணக்குன்னு ஓடிக்கிட்டே இருப்பாரு. மிச்சம் இருக்கிற ஒருத்தர் அஞ்சு வகுப்பையும் ஒரே ஹால்ல உக்கார வச்சு, ஒண்ணாவதுக்கு 'அ' எழுதப் போட்டுட்டு அஞ்சாவதுக்கு பின்னம் சொல்லித் தரணும். ரெண்டு டீச்சர்னு பேப்பர்ல பார்த்தா குறையா தெரியாது, கிளாஸ் வாசல்ல ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க தெரியும்.

ஆகஸ்ட் 1 கணக்குல கூடுதலா நிக்கிற டீச்சரை உபரின்னு காட்டிடுவாங்க, அப்புறம் பணிநிரவல்ல ஆள் பத்தாத இன்னொரு ஸ்கூலுக்கு அனுப்புவாங்க. பொதுவா சர்வீஸ்ல ஜூனியரா இருக்கிறவருதான் போவாரு. பெரும்பாலும் அவருதான் பிள்ளைங்ககூட ஓடியாடி பாடம் நடத்துற சின்ன வயசு டீச்சரா இருப்பாரு, அது வேற வயித்தெரிச்சல். அவரு போனதும் ஊருல நாலு பேரு "டீச்சரே இல்லாத ஸ்கூல்ல எதுக்கு"ன்னு பிள்ளையை வேன்ல ஏத்தி விடுவாங்க, அடுத்த ஆகஸ்ட்ல நம்பர் இன்னும் இறங்கும். ஜூலைல 'வேற ஸ்கூல் பாக்கலாமா'ன்னு யோசிக்கிற ஒவ்வொரு வீடும் இந்தக் கணக்குக்குள்ளதான் இருக்கு.

அரசுப் பள்ளி அட்மிஷன் 2024, 2025 ரெண்டு வருஷமும் மார்ச் 1-லயே தொடங்கிட்டாங்க, அதனால ஜூன் வரைக்கும் காத்திருக்கணும்னு இல்லை, அஞ்சு வயசு முடியுற பிள்ளை வீட்ல இருந்தா கோடை லீவுக்கு முன்னாடியே சேர்த்துடலாம். ஆகஸ்ட் 10-ம் தேதி வந்தாலும் சேர்ப்பாங்க, சேர்த்தே ஆகணும், ஆனா அந்த வருஷ டீச்சர் கணக்குல அந்தப் பிள்ளை வராது.

நம்ம ஆந்திரா எல்லைப் பக்கத்துக்குன்னு தனியா ஒரு சிக்கல் இருக்கு. திருத்தணியும் பள்ளிப்பட்டும் 1960 ஏப்ரல் வரைக்கும் சித்தூர் ஜில்லாவுல இருந்ததுதான், கோடு அப்புறம் வந்தது, சொந்தபந்தம் இன்னும் ரெண்டு பக்கமும்தான். தறி வேலை இங்க இல்லைன்னா ஆந்திரா பக்கம் நகரிக்கோ புத்தூருக்கோ குடும்பத்தோட போறாங்க, ஆறு மாசத்துல திரும்பி வர்றாங்க, பிள்ளை நடுவுல எந்த ஸ்கூல்லயும் பேரு இல்லாம தொங்குது. இதுல மூணு விஷயம் தெளிவா தெரிஞ்சுக்கணும்.

முதல்ல டி.சி. ஆர்.டி.இ. 5-வது பிரிவுப்படி எட்டாவது முடிக்கிற வரைக்கும் பிள்ளை ஒரு ஸ்கூல்லருந்து இன்னொரு ஸ்கூலுக்கு மாறலாம், அது மாநிலத்துக்குள்ள ஆனாலும் சரி வெளிய ஆனாலும் சரி, பழைய ஸ்கூல் ஹெச்.எம். உடனே டி.சி. தரணும், இழுத்தடிச்சா அவரு மேல துறை நடவடிக்கைக்கே சட்டத்துல இடம் இருக்கு. டி.சி. வர லேட்டாகுதுன்னு காரணம் காட்டி புது ஸ்கூல்ல சேர்க்காம இருக்கவும் கூடாது. சென்ட்ரல் சட்டம்ங்கிறதால ஆந்திராலயும் இதேதான். (இது அரசு, அரசு உதவி பெறும் ஸ்கூலுக்கு மாறுறதைப் பத்தினது, ஃபீஸ் வாங்குற தனியார் ஸ்கூல்ல போயி இந்தப் பிரிவைக் காட்டி சீட்டு கேக்க முடியாது.) பர்த் சர்டிஃபிகேட் இல்லைன்னும் திருப்பி அனுப்பக் கூடாது, அது 14-வது பிரிவு. வருஷ நடுவுல வந்தாலும் சேர்க்கணும், அது 15. படிப்பு விட்டுப்போன பிள்ளைன்னா வயசுக்கு ஏத்த வகுப்புல உக்கார வச்சு தனியா பயிற்சி தரணும்னு 4-வது பிரிவு சொல்லுது, எட்டு வயசுப் பையனை ஒண்ணாவதுல போடுன்னு யாரும் சொல்ல முடியாது.

ரெண்டாவது எமிஸ். தமிழ்நாட்டு ஸ்கூல்ல படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எமிஸ் நம்பர் இருக்கும். ஸ்கூலை விட்டுப் போனா பழைய ஸ்கூல் அந்தப் பேரை எமிஸ்ல காமன் பூல்ங்கிற பொதுப் பட்டியலுக்கு தள்ளிவிடணும், புது ஸ்கூல் அங்கருந்து எடுத்துக்கும். பழைய ஸ்கூல் தள்ளாம வச்சிருந்தா பிள்ளை இங்க பெஞ்சுல உக்காந்திருக்கும், பேரு அங்க இருக்கும். ஏன் தள்ள மாட்டேங்கிறாங்கன்னு இப்போ உங்களுக்கே புரிஞ்சிருக்கும், அவங்களுக்கும் ஆகஸ்ட் 1 இருக்கே. அதனால சேர்த்துட்டு வந்தா மட்டும் பத்தாது, "எமிஸ்ல ஏறிடுச்சாங்க சார்"னு ஜூலை கடைசிக்குள்ள ஒருதடவை கேட்டுடுங்க. கிளாஸ் ரூம் போர்டு மூலையில தினமும் 'பதிவு இத்தனை, வருகை இத்தனை'ன்னு சாக்பீஸ்ல எழுதியிருப்பாங்க பாத்திருக்கீங்களா, அந்தப் பதிவு நம்பர்ல உங்க பிள்ளை இருக்கணும்.

மூணாவது, ரெண்டு பக்கமும் பேரு வச்சிருக்கிறது. ஆந்திராவுல தல்லிக்கி வந்தனம்னு ஒரு திட்டம் இருக்கு, 2025 ஜூன்ல இருந்து அம்மா அக்கவுண்ட்ல பிள்ளைக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய், அதுல 2,000 ஸ்கூல் பராமரிப்புக்கு பிடிச்சிட்டு 13,000 வரும். அதுக்காகவே பாட்டி வீட்டு அட்ரஸ்ல அங்க பேரை விட்டுவச்சிருக்கிற வீடுகள் உண்டு. 13,000 பெரிய காசுதான், இல்லைன்னு சொல்லல, ஆனா அங்க 75 சதவீத அட்டெண்டன்ஸ் கேக்குறாங்க, ஆதாரை வச்சு ஒருநாள் பிடிபடும், ரெண்டு இடத்துலயும் பேரு சிக்கிக்கும்.

இதைவிட பெரிய கணக்கு ஆறாவதுல இருக்கு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில 6-லருந்து 12 வரைக்கும் படிச்சவங்களுக்குன்னு சில உரிமை இருக்கு: மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பொண்ணுங்களுக்கு காலேஜ் படிக்கும்போது மாசம் 1,000 ரூபாய் தர்ற புதுமைப்பெண், பையன்களுக்கு அதே மாதிரி தமிழ்ப்புதல்வன். எட்டாவது, ஒன்பதாவது ரெண்டு வருஷம் மாமா வீட்ல தங்கி நகரில படிச்சா அந்த 6 முதல் 12 அறுந்துபோகும், பன்னண்டாவது முடிச்சு அப்ளிகேஷன் போடும்போதுதான் தெரியவரும். அஞ்சாவது வரைக்கும் எங்க வேணா இருந்துட்டு வாங்க, ஆறாவதுலருந்து ஒரே பக்கம் நில்லுங்கன்னுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

வீட்ல தெலுங்கு பேசுற பிள்ளைங்களுக்கு இன்னொண்ணு. 2006 தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாவது பொதுத்தேர்வுல தமிழ் கட்டாயப் பாடம், மொழிச் சிறுபான்மை பிள்ளைங்களுக்கு அப்பப்போ விலக்கு கிடைச்சது, 2023 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட்டு ஒரு வருஷத்துக்கு கொடுத்துச்சு. அதை நம்பி உக்காராம, தெலுங்கு மீடியத்துலருந்து வர்ற பிள்ளைன்னா சேர்க்கிற அன்னைக்கே ஹெச்.எம்.கிட்ட பேசிடுங்க, பத்தாவது போர்டு எக்ஸாம் ஃபார்ம் ஃபில்லப் பண்ற நாள்ல போயி நிக்காதீங்க.

சரி காசு. சமக்ர சிக்ஷா திட்டத்துல ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வருஷம் ஒரு தொகை வரும், பள்ளி மானியம்னு சொல்வாங்க. இதுவும் தலைக்கணக்குதான்: 30 பிள்ளை வரைக்கும் 10,000 ரூபாய், 31-லருந்து 100 வரை 25,000, 101-லருந்து 250 வரை 50,000, 251-லருந்து 1,000 வரை 75,000, அதுக்கு மேல 1 லட்சம். இதுல 10 சதவீதமாவது சுத்தம் சுகாதாரத்துக்கு செலவாகணும். 30 பிள்ளை இருக்கிற ஸ்கூலுக்கும் 31 இருக்கிற ஸ்கூலுக்கும் 15,000 வித்தியாசம். மாசத்துக்கு பிரிச்சா 10,000-த்துல 833 ரூபாய் வருது, அதுல சாக்பீஸ், பினாயில், ஒழுகுற பைப்பு, ஃபேன் ரிப்பேர் எல்லாம். ஹெச்.எம். கைக்காசு போடுறாங்கன்னு கேள்விப்படுறோம்ல, இதான் காரணம். லைப்ரரிக்கு, விளையாட்டு சாமானுக்கு தனி தொகை, ஆரம்பப் பள்ளிக்கு ரெண்டுக்கும் 5,000, 5,000.

சமக்ர சிக்ஷா காசுல சென்டர் பங்கு 60 சதவீதம், ஸ்டேட் பங்கு 40. பி.எம். ஸ்ரீங்கிற சென்டரோட மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்து போடலைன்னு 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடியை சென்டர் நிறுத்திவச்சது, அது கோர்ட்டு வரைக்கும் போச்சு. யாரு சரி யாரு தப்புன்னு டீக்கடையில பேசிக்கலாம், அங்க ரெண்டு பேரு கை மடக்கிக்கிட்டு நின்னா இங்க டாய்லெட்டுக்கு கதவு வராது, அவ்வளவுதான்.

இந்தக் காசு எப்படி செலவாகுதுன்னு கேக்குற உரிமை யாருக்கு இருக்குன்னா, பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு, சுருக்கமா எஸ்.எம்.சி. ஆர்.டி.இ. சட்டத்தோட 21-வது பிரிவுப்படி உறுப்பினர்ல 75 சதவீதம் பெத்தவங்களா இருக்கணும், மொத்தத்துல பாதி பேரு பொம்பளைங்க, எஸ்.சி., எஸ்.டி. மாதிரி பின்தங்கின பிரிவு பெத்தவங்களுக்கு அவங்க எண்ணிக்கைக்கு ஏத்த இடம். ஸ்கூல் எப்படி நடக்குதுன்னு பாக்குறது, மானியம் எப்படி செலவாகுதுன்னு பாக்குறது, ஸ்கூலுக்கு வளர்ச்சித் திட்டம் எழுதுறது எல்லாம் இவங்க வேலை. தமிழ்நாட்டுல 2022-ல இதை புதுசா அமைச்சாங்க, மாசாமாசம் கூட்டம், தீர்மானத்தை பெற்றோர் ஆப்ல ஏத்தணும். நடைமுறையில என்ன நடக்குதுன்னா, மத்தியானம் மூணு மணிக்கு தறியை நிறுத்திட்டு ஓடிவர்ற அம்மாங்க, நோட்டுல கையெழுத்து, ஒரு டீ, ரெண்டு பிஸ்கட், முடிஞ்சுது. தீர்மானம் என்னன்னு படிக்காமலே கையெழுத்து. அப்படி பண்ணாதீங்க. கூட்டத்துல எழுந்து ரெண்டே கேள்வி கேளுங்க: ஒண்ணு, இந்த வருஷம் மானியம் எவ்வளவு வந்துச்சு, எதுக்கு செலவாச்சு; ரெண்டு, ஆகஸ்ட் 1 கணக்கு எத்தனை, அதுக்கு எத்தனை போஸ்ட்டு. முதல்தடவை ஹெச்.எம். மூஞ்சி சுருங்கும். ரெண்டாவது தடவை அவரே பேப்பரோட வருவாரு, ஏன்னா நல்ல ஹெச்.எம்.முக்கு இது தோதுதான், மேல எழுதிப் போடும்போது "எஸ்.எம்.சி. தீர்மானம் இருக்கு"ன்னு காட்டலாம்.

முன்னாடி சொன்ன ஆர்.டி.இ. அட்டவணையில கட்டிடமும் இருக்கு, ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு வகுப்பறையாவது, பையனுக்கும் பொண்ணுக்கும் தனித்தனி டாய்லெட், குடிதண்ணி, சமையல் கூடம், விளையாட இடம், காம்பவுண்டு சுவர் இல்லை வேலி. இதுல எது இல்லையோ அதைத் தீர்மானமா எழுதுங்க. வருஷத்துக்கு 1-5 வகுப்புக்கு 200 நாள், 6-8-க்கு 220 நாள் ஸ்கூல் நடக்கணும். டீச்சரை எலெக்‌ஷன், சென்சஸ், பேரிடர் நிவாரணம் தவிர வேற வேலைக்கு அனுப்பக் கூடாதுன்னும் இருக்கு.

எழுதியும் நடக்கலைன்னா வாயால சண்டை போட்டு பிரயோஜனம் இல்லை. 14417-னு கல்வித் துறை ஹெல்ப்லைன் இருக்கு, டி.சி. தரலை, சேர்க்க மாட்டேங்கிறாங்க மாதிரி அவசர விஷயத்துக்கு அது போதும். போஸ்ட்டு, கட்டிடம் மாதிரி விஷயத்துக்கு எழுத்துல கொடுங்க, ஆர்.டி.இ. 32-வது பிரிவுப்படி புகார் கொடுத்தா மூணு மாசத்துக்குள்ள முடிவு சொல்லணும், சொல்லலைன்னாலோ முடிவு சரியில்லைன்னாலோ மாநில குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அப்பீல் போகலாம். ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல தேதி போட்டு ஆபீஸ் சீல் வாங்கிக்கோங்க, சீல் வைக்க ஆள் இல்லை நாளைக்கு வாங்கன்னு சொன்னா ரிஜிஸ்டர் போஸ்ட்டுல அனுப்பிடுங்க.