12-உம் 8-உம் சேர்ந்தால் 128 ஆவது எப்படி?

பாம்பனிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார்: "அப்பாவிடம் நாட்டுப்படகு இருக்கிறது. தினமும் பட்ட நண்டு, கணவாய் எடையைக் கூட்டிச் சொல்ல பைத்தானில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். நண்டு 12, கணவாய் 8 என்று கொடுத்தால் மொத்தம் 128 கிலோ என்கிறது. 'இப்படியே தினமும் வந்தா கடனெல்லாம் அடைஞ்சிரும்'னு அப்பா சிரிக்கிறார். கூடப் படிக்கிறவள், எட்டு ராசியில்லாத எண், அதனால்தான் என்கிறாள். எங்கே தப்பு?"

ராசி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். எட்டுக்குப் பதில் ஏழு கொடுங்கள், 127 வரும். ஆறு கொடுத்தால் 126. இப்படி ஒரே ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தாலே ராசி ஆட்டத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. வீட்டு எண்ணையும் வண்டி எண்ணையும் கூட்டிப் பார்த்துக் காசு கொடுக்கிறவர்கள் ஒரு தடவையாவது இந்த ஏழு என்ற எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இன்புட் கட்டளை தெரிந்திருக்கும். நிரல் அந்த வரிக்கு வந்ததும் நின்று, நாம் தட்டச்சு செய்து எண்டர் தட்டும் வரை காத்திருக்கும். தட்டியதை மாறி என்கிற, பெயரிட்ட ஒரு பெட்டியில் போட்டுக்கொள்ளும். இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. நீங்கள் எதைத் தட்டினாலும் இன்புட் அதை எழுத்துச் சரமாக, அதாவது வரிசையாகக் கோத்த எழுத்துகளாகத்தான் தரும். 12 என்று தட்டினால் கிடைப்பது பன்னிரண்டு என்ற அளவு இல்லை, '1' என்ற எழுத்தும் '2' என்ற எழுத்தும் பக்கம் பக்கமாக. நண்டுப் பெட்டியின் மேல் சாக்பீஸால் 12 என்று எழுதியிருப்பதைப் போல. இரண்டு பெட்டிகளை ஒட்டி வைத்தால் மேலே எழுதியது 128 என்று தெரியும், உள்ளே இருப்பது இருபது கிலோதான்.

எழுத்துச் சரங்களுக்கு நடுவில் கூட்டல் குறி வந்தால் பைத்தான் அவற்றை ஒட்டும். எண்களுக்கு நடுவில் வந்தால் கூட்டும். இந்த மாணவியின் நிரல் சொன்னபடி ஒட்டியது, அவ்வளவுதான். கூட்டலுக்குப் பதில், எடையை அதே இன்புட் வழியாக வாங்கிய விலையால் பெருக்கச் சொல்லியிருந்தால் டைப்எரர் (வகை பொருந்தாத பிழை) என்று முரண்டு பிடித்து நின்றிருக்கும், தப்பும் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். சத்தமில்லாமல் தவறான விடை தரும் இடம்தான் ஆபத்து. இன்னொரு உதாரணம்: 9, 85, 112 என்ற மூன்று எடைகளை இன்புட் வழியாக வாங்கி, எது அதிகம் என்று மேக்ஸ் கட்டளையிடம் கேட்டுப் பாருங்கள். 9 என்று சொல்லும். அகராதியில் சொற்களை அடுக்குவதைப் போல முதல் எழுத்தை மட்டும் ஒப்பிட்டு, '9' என்ற எழுத்து '8'-க்கும் '1'-க்கும் பின்னால் வருகிறது என்று முடிவு கட்டிவிடுகிறது.

தீர்வு ஒரே வரி. இன்புட்டைச் சுற்றி, எழுத்தை முழு எண்ணாக்கும் இண்ட் என்ற கட்டளையைப் போட்டால் போதும், கிராம் கணக்கும் வேண்டும் என்றால் தசமப் புள்ளியை ஏற்கும் ஃப்ளோட். மாணவிக்கு வேண்டிய பதில் இதோடு தீர்ந்தது. ஆனால் அந்த இண்ட் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்காமல் விட எனக்கு மனசில்லை. கணினித் துறையில் இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு அழகான வேலை வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

விசைப்பலகையில் '1' தட்டினால் நிரலுக்கு வந்து சேர்வது 49 என்ற குறியெண். '2'-க்கு 50, '8'-க்கு 56. பூஜ்யத்துக்கு 48. இது ஆஸ்கி என்ற தர அட்டவணை, முதல் பதிப்பு 1963-இல் வந்தது. பூஜ்யத்தை ஏன் பூஜ்யத்திலேயே வைக்காமல் 48-இல் கொண்டுபோய் வைத்தார்கள்? 48-ஐ இருமத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள்: 0011 0000. '1' என்ற எழுத்து 0011 0001. '8' என்ற எழுத்து 0011 1000. இடது பக்க நான்கு பிட்டுகளை (இந்த 0, 1 ஒவ்வொன்றும் ஒரு பிட்டு) மறைத்துக்கொண்டு வலது பக்கத்தை மட்டும் பாருங்கள்: 0000, 0001, 1000. பூஜ்யம், ஒன்று, எட்டு! எழுத்துக்குள்ளேயே அதன் மதிப்பை மடித்து வைத்திருக்கிறார்கள். இது தற்செயல் இல்லை. அந்தக் காலத்து இயந்திரங்கள் பல, இலக்கங்களை நான்கு பிட்டுகளில் வைத்துக் கணக்குப் போட்டன. முன்பாதியை வெட்டி எறிந்தால் அப்படியே எண் கிடைக்க வேண்டும் என்று திட்டமிட்டே ஆஸ்கியை வகுத்த குழு 48-ஐத் தேர்ந்தெடுத்தது. குறியெண்ணிலிருந்து 48-ஐக் கழித்தாலும் அதே விடைதான்.

சரி, ஒரு இலக்கம் கிடைத்தது. 347 என்று மூன்று இலக்கம் தட்டினால்? பள்ளியில் நாம் கற்றபடி 3 நூறு, 4 பத்து, 7 ஒன்று என்று பிரிக்க வேண்டுமானால், மொத்தம் எத்தனை இலக்கம் என்று முதலிலேயே தெரிய வேண்டும். கணினி அந்தத் தொல்லைக்கே போவதில்லை. கையில் பூஜ்யத்தை வைத்துக்கொண்டு தொடங்குகிறது. ஒரு இலக்கம் வந்தால், கையில் இருப்பதைப் பத்தால் பெருக்கி, வந்ததைக் கூட்டிக்கொள்கிறது. முதலில் 3 வருகிறது: பூஜ்யம் பத்து மடங்கு, கூட்டு 3, கையில் 3. அடுத்து 4: முப்பது, கூட்டு 4, கையில் 34. அடுத்து 7: முந்நூற்று நாற்பது, கூட்டு 7, கையில் 347. இலக்கம் தீர்ந்ததும் கையில் இருப்பதே விடை. மூன்று என்று தொடங்கியது முந்நூறாக ஆகப்போகிறது என்று முன்கூட்டித் தெரியவே வேண்டாம். பின்னால் வரும் ஒவ்வொரு இலக்கமும் முன்னால் வந்தவற்றை ஒரு படி மேலே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது.

பிரிண்ட் கட்டளை இதையே தலைகீழாகச் செய்கிறது. 347-ஐப் பத்தால் வகுத்தால் மீதி 7, அதோடு 48-ஐக் கூட்டினால் 55, அது '7' என்ற எழுத்து. மறுபடி வகுத்தால் 4, அப்புறம் 3. கடைசி இலக்கம் முதலில் கிடைப்பதால் திருப்பி அடுக்கிக் காட்டுகிறது. ஆக, நாம் திரையில் பார்க்கும் எந்த எண்ணும் எழுத்தாகி வந்ததுதான். நாம் தட்டும் எழுத்தை எண்ணாக்கும் வேலையை மட்டும் பைத்தான் நம் பொறுப்பில் விட்டிருக்கிறது.

இந்தப் பத்தால் பெருக்கும் வித்தைக்கு ஒரு விலை உண்டு. எண் நீள நீள ஒவ்வொரு பெருக்கலும் கனமாகிறது. இலக்கங்கள் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். வேண்டுமென்றே லட்சக்கணக்கான இலக்கங்களை அனுப்பி ஒரு சர்வரைத் திணறடிக்கலாம் என்பதால், 2022 முதல் பைத்தான் 4300 இலக்கங்களுக்கு மேல் உள்ள சரத்தை இண்ட் வழியாக மாற்ற மறுக்கிறது. நண்டு எடைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

தமிழ் எண்களைக் கொடுத்தால் என்ன ஆகும்? ௧௨ என்று தட்டிப் பாருங்கள். இண்ட் அதை அழகாக 12 ஆக்கித் தரும். உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடு அட்டவணையில் தமிழ் இலக்கங்கள் 3046-இல் தொடங்குகின்றன, ௧ என்பது 3047. ஆஸ்கிக்குச் செய்தது போலக் கடைசி நான்கு பிட்டுகளை மட்டும் எடுத்தால் இங்கே 0111, அதாவது 7 கிடைத்து ஏமாற்றும். அதனால் பைத்தான் யூனிகோடு அட்டவணையில் அந்த எழுத்தின் மதிப்பைப் பார்த்து, முதலில் அதைச் சாதாரண '1' ஆக்கிக்கொள்கிறது. ஆனால் பழைய கணக்கேடுகளில் இருப்பதைப் போல ௨௰௫ என்று இருபத்தைந்தை எழுதினால் ஏற்காது. ௰ என்பது பத்து என்ற மதிப்புள்ள குறி, இலக்கம் இல்லை. ஒவ்வொரு அடியிலும் பத்தால் பெருக்கும் முறைக்குள் பத்தே ஒரு எழுத்தாக வந்து நின்றால் எங்கே வைப்பது? நம் பழைய எழுத்துமுறையில் பூஜ்யத்துக்குத் தனிக் குறி தேவைப்படவில்லை. யூனிகோடில் தமிழ்ப் பூஜ்யம் சேர்ந்ததே 2005-இல்தான்.

இனி நடைமுறைத் தொல்லைகள். இண்ட் போட்ட பிறகும் சில சமயம் வேல்யூஎரர் (எண்ணாக்க முடியாத மதிப்பு என்ற பிழை) என்று நிரல் கவிழ்ந்துவிழும். காரணம் பெரும்பாலும் அற்பமானது. யாராவது 12 கிலோ என்று சேர்த்துத் தட்டியிருப்பார்கள். 1,250 என்று காற்புள்ளி வைத்திருப்பார்கள். 12.5 என்பதை இண்ட் ஏற்காது, ஃப்ளோட் ஏற்கும். அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லி எண்ணும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஒருவர் லாபம் என்று தட்டினாலும் பைத்தானுக்கு அது நட்டம்தான்.

கண்ணுக்குத் தெரியாத குற்றவாளிகளும் உண்டு. போன் விசைப்பலகை சொல்லைப் பரிந்துரைக்கும்போது கடைசியில் ஒரு இடைவெளியையும் சேர்த்துவிடும். எண்களில் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை இண்ட் பொறுத்துக்கொள்ளும். ஆனால் 'ஆம்' என்ற பதிலோடு ஒப்பிட்டால் 'ஆம் ' வேறு, 'ஆம்' வேறு. இதற்கு, இரு முனையிலும் உள்ள இடைவெளியை வெட்டும் ஸ்ட்ரிப் கட்டளை போதும். தமிழுக்கே உரிய வம்பு இன்னொன்று. கொடுவா என்ற மீன் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள கொ-வை க-வும் ஒரே ஒரு ஒகரக் குறியும் என்று சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. பைத்தானோடு வரும் யூனிகோடேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் கட்டளை இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரே ஒரு பழக்கம் போதும். நிரல் தப்பாகப் போனால், வாங்கிய மதிப்பை அப்படியே அச்சிடாமல், ஒளிந்திருப்பதையும் காட்டும் ரெப்ர் கட்டளை வழியாக அச்சிடுங்கள். எழுத்துச் சரமாக இருந்தால் மேற்கோள் குறியோடு '12' என்று வரும், எண்ணாக இருந்தால் வெறும் 12. மேற்கோளுக்கு உள்ளே இடைவெளி இருந்தால் தெரியும். அகலமே இல்லாத ஒளிந்த எழுத்து ஏதாவது புகுந்திருந்தால் அதன் குறியெண்ணைக் காட்டிக்கொடுக்கும். தொடங்குபவர்கள் பலரும் நிரலை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கிறார்கள், அப்புறம் கணினியையே அணைத்துப் போடுகிறார்கள். எலுமிச்சம்பழம் வைப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பாம்பன் பாலத்தைத் தாண்டினால் மண்டபம். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு இருந்தது அங்கேதான், பிற்பாடு கொச்சிக்குப் போனது. கரை சேரும் மீனை இனம் இனமாகக் குறித்துக்கொள்ளும் அதன் களப்பணியாளர்கள் இன்றும் மீன்பிடித் துறைகளில் நிற்கிறார்கள். கடல்வளம் பற்றிய பெரிய மதிப்பீடுகள் எல்லாம் அவர்கள் எழுதும் எண்களின் மேல்தான் நிற்கின்றன. செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் இருந்தால் நிதி கிடைக்கிறது. பதிவு செய்பவருக்கு நல்ல படிவம், தவறான எண்ணை அங்கேயே தடுக்கும் சின்ன நிரல் என்று கேட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை. தமிழ்ச் சரங்களைக் கையாளும் ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகத்தைக்கூடத் தன்னார்வலர்கள்தான் உருவாக்கி வைத்திருக்கிறார்கள். தமிழ் மாநாடுகளின் பந்தல் செலவில் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினால் நல்லது என்பது என் கருத்து.

மாணவிக்கு இன்னும் சில வார்த்தைகள். எண்ணாக மாற்றும் வரியை, பிழை வந்தால் சமாளிக்க உதவும் ட்ரை-க்குள் வைத்து, வேல்யூஎரர் வந்தால் 'எடையை எண்ணாக மட்டும் கொடுங்கள்' என்று சொல்லி மறுபடி கேட்கும்படி, திரும்பத் திரும்ப ஓடும் ஒயில் சுழற்சியில் போடுங்கள். பிழையைப் பிடிக்கும் வரியில் எக்செப்ட் என்று மொட்டையாக விடாமல் வேல்யூஎரர் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். இல்லாவிட்டால் நிரலை நிறுத்த நீங்கள் தட்டும் கண்ட்ரோல்-சி-யையும் பிழை என்று விழுங்கிவிட்டு மறுபடி எடை கேட்கும். எல்லாவற்றையும் இண்ட் ஆக்கவும் வேண்டாம். ராமநாதபுரத்தின் தொலைபேசிக் குறியீடு 04567, அதை எண்ணாக்கினால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். படகுப் பதிவு எண்ணும் வியாபாரியின் போன் எண்ணும் எழுத்தாகவே இருக்கட்டும், அவற்றை யாரும் கூட்டப்போவதில்லை.

12-க்குப் பதில் கை தவறி 1200 என்று தட்டினால் இண்ட் எந்தக் கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொள்ளும். அதற்கு ஒரு மேல் எல்லை வேண்டும். எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டு வையுங்கள். எல்லையைத் தாண்டினால் மறுக்க வேண்டாம், 'சரிதானா?' என்று ஒருமுறை கேட்டால் போதும். நண்டு அள்ளிக்கொண்டு வரும் நாளில் நிரல் குறுக்கே நிற்கக் கூடாது.